பதினைந்தாவது ராட்சதன்

பல் டாக்டருக்கு மனிதர்களின் முகம் தலைகீழாகத்தான் பழக்கம். சாய்வு நாற்காலியில் ஆளைப் படுக்கவைத்து, தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வாய்க்குள் எட்டிப் பார்ப்பவருக்கு வேறெப்படித் தெரியும்? மேலே தாடை, கீழே நெற்றி, நடுவில் ஒரு குகை. கடைத்தெருவில் யாராவது நிறுத்தி, "வணக்கம் டாக்டர், போன மாசம் பல்லு அடைச்சுக்கிட்டேனே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். அந்த ஆளை நடுத்தெருவில் படுக்கவைத்துப் பார்க்கவா முடியும்?

"மொதமொத என்னைப் பாத்தப்போ கழுத்தைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாத்தார். பாவம், வெக்கப்படறார்னு நெனச்சேன்" என்று அவர் மனைவி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். கிளினிக்கின் முன்மேசை அவளுடையது. யார் எப்போது வந்தார்கள், எந்தப் பல், எத்தனை முறை அலறினார்கள் என்று எல்லாம் அவள் விரல்நுனியில். நேர்முகம் அவள் பொறுப்பு, தலைகீழ் முகம் அவர் பொறுப்பு என்று பதினாறு வருஷமாகப் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

கிளினிக் தொடங்கிய அன்று நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில், டாக்டர் ஓர் அறிவிப்பை ஒட்டினார். படுத்திருப்பவர்கள் வேறெதைப் பார்ப்பார்கள், அதையாவது படிக்கட்டும் என்ற நல்லெண்ணம். மனைவி கீழே முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். ஒட்டி முடித்து இறங்கியவர் அதற்குப் பிறகு அதை நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

மதியம் ஒன்றரை முதல் நான்கு வரை கிளினிக்குக்கு மூடல். சாப்பிட்டுவிட்டு ஒரு கண் தூங்க வேண்டிய அந்த நேரத்தில் டாக்டர் பின்னறைக்குள் போய்விடுவார். பல் அச்சு எடுக்க மாவு கலக்கும் அறை அது. இப்போது அலமாரி முழுக்க விரல் உயரச் சிப்பாய்கள், குதிரைகள், பீரங்கிகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மைத்துனன் வருவான். மனைவியின் தம்பி, லிப்ட் மெக்கானிக். சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து, இரண்டு பேரும் படைகளை எதிரெதிரே நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போர் செய்வார்கள். தலை நரைக்கத் தொடங்கிய இரண்டு ஆம்பிளைகள் "ஐயோ, என் குதிரைப்படை போச்சே!" என்று அலறுவதைக் கேட்டு அக்கம்பக்கத்தார் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவது முழுக்க டாக்டரின் வேலை. மைத்துனன் பூசினால் குதிரை எது, குதிரைக்காரன் எது என்று தெரியாது. டாக்டருக்கோ கை நடுங்காது. ஒரே ஒரு கெட்ட பழக்கம். தூரிகையின் நுனி விரிந்தால், சட்டென்று உதட்டில் வைத்து நாக்கால் கூராக்கிக்கொள்வார். எத்தனை தண்ணீர்க் கிண்ணம் வைத்தாலும் கை வாய்க்குத்தான் போகும்.

"ஊருக்குத்தான் உபதேசம். உதட்டோரத்துல பாருங்க, கழுவினாலும் போகாத நீலம்" என்பாள் மனைவி.

"விஷமில்லாத பெயிண்ட்டும்மா."

"அப்போ சாப்பாட்டுக்குத் தொட்டுக்க வைக்கட்டுமா?"

இந்த முறை மைத்துனன் கொண்டுவந்தவை விரல் உயரப் பொம்மைகள் இல்லை. பதினைந்து மலை ராட்சதர்கள், ஒவ்வொன்றும் ஒன்றரைச் சாண் உயரம். உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக். பதினைந்தும் ஒரே அச்சில் வார்த்தவை, ஆகவே ஒரே முகம், ஒரே முறைப்பு. வாயை ஆவென்று பிளந்து கர்ஜிக்கிற நிலை. உள்ளே நாக்கு, பல் எல்லாம் உண்டு. டாக்டர் முதல் வேலையாகப் பல்லை எண்ணினார். இருபத்தெட்டு. "ஞானப்பல் முளைக்கல. சின்னப் பசங்க" என்றார்.

இவ்வளவு பெரிய உருவங்களுக்கு மடிப்பு மடிப்பாகத் தூரிகையால் நிழல் தீட்ட உட்கார்ந்தால் வருஷம் போய்விடும். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. மர நாற்காலிக்கும் கதவுக்கும் பூசுகிற சாய வார்னிஷை ஒரு வாளி வாங்கிக்கொள்ள வேண்டியது. வண்ணம் பூசி உலர்ந்த பொம்மையை அதில் அப்படியே முக்கி எடுத்து உதற வேண்டியது. கடுங்காப்பி நிறச் சாயம் மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தங்கும். சுருக்கம், மடிப்பு, கண்குழி எல்லாவற்றிலும் நிழல் தானே விழுந்துவிடும்.

"சோம்பேறி வேலை அத்தான் இது" என்றான் மைத்துனன்.

"போடா. எங்க தொழில்லயே இது இருக்கு. பல்லுல செவப்புச் சாயம் தடவுவோம். அழுக்கு எங்க இருக்கோ அங்க போய் ஒட்டிக்கும். நாம தேடவே வேண்டாம், அதுவே காட்டிக் கொடுக்கும்."

சொன்னபோது விளையாட்டாகத்தான் சொன்னார்.

பல் பிடுங்கும் குறடால் ராட்சதனின் அடித்தட்டைக் கவ்விப் பிடித்து, தலைகுப்புற வாளியில் இறக்கி, ஐந்து எண்ணி எடுத்து, அட்டைப்பெட்டிக்குள் மூன்று உதறு உதறுவார். நிமிர்த்தி வைத்தால் பாதத்தில் குளம் கட்டும் என்பதால், கை கழுவும் தொட்டிக்கு மேலே கட்டிய கம்பியில் தலைகீழாகத் தொங்கவிடுவார். எங்காவது அதிகமாகத் தேங்கினால் காய்ந்த தூரிகையால் தொட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு நாளில் இறுகிவிடும். அதற்குப் பிறகு டர்பன்டைன் ஊற்றினாலும் அசையாது.

முதல் ராட்சதனைத் தொங்கவிட்டுத் திரும்பியவர், ஏதோ உறுத்த, மறுபடி பார்த்தார். தொங்கியது தபால்காரர்.

சந்தேகமே இல்லை. அதே தொங்கிய இமை, அதே கோணல் மூக்கு, கன்னத்தில் அதே இரண்டு கோடு. கம்பியிலிருந்து கழற்றி நிமிர்த்திப் பார்த்தார். வெறும் ராட்சதன். தலைகீழாகத் திருப்பினார். தபால்காரர். டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. முகங்களைத் தலைகீழாகப் பார்த்துப் பார்த்துக் கண்ணே கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டார். கீழ்த்தாடையில், வலது கோடிப் பல்லடியில், சாயம் ஒரு மிளகு அளவு தேங்கியிருந்தது. தூரிகையால் உறிஞ்சினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அங்கேயே தேங்கியது.

வியாழக்கிழமை தபால்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். "கீழ, வலது பக்கம், கடைசிப் பல்லு டாக்டர். ரெண்டு நாளா உயிர் போகுது."

டாக்டரின் கையிலிருந்த சின்னக் கண்ணாடி தட்டில் விழுந்து சத்தம் போட்டது. பதினாறு வருஷத்தில் அவர் கையிலிருந்து எதுவும் விழுந்ததில்லை. முன்மேசையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்து ஒரு தலைமை ஆசிரியை. அந்த ராட்சதனின் காதுக்கு முன்னால், சாயம் தங்கப் பள்ளமே இல்லாத வழுவழுப்பான இடத்தில், ஒரு கரும்புள்ளி. அந்த அம்மாள் பல் சுத்தம் செய்துகொள்ள வந்தபோது, டாக்டர் பேச்சோடு பேச்சாக அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். பட்டாணி போல ஒன்று விரலுக்கடியில் உருண்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சின்ன அறுவை சிகிச்சையோடு போயிற்று. நன்றி சொல்ல அந்த அம்மாள் ஒரு பெட்டி நிறைய மிட்டாயோடு வந்தார், அதுவும் பல் டாக்டருக்கு. டாக்டரால் சிரிக்க முடியவில்லை.

மூன்றாவது பேக்கரிக்காரர். இதில்தான் டாக்டர் தப்பு செய்தார். பேக்கரிக்காரர் என்றால் அவருக்கு உயிர். அந்த முகத்தின் மேலண்ணத்தில் கருமை திரண்டதைக் கண்டதும் பதறிப்போய், டர்பன்டைனில் பஞ்சை நனைத்து அழுத்தித் துடைத்தார். சாயம் போயிற்று, பூசிய வண்ணமும் போயிற்று, வெறும் பிளாஸ்டிக் வெளுத்துத் தெரிந்தது. நிம்மதியாகக் கை கழுவினார். மறுநாள் மதியம் வந்து பார்த்தால் கருமை அதே இடத்தில், அதே அளவில். பொள்ளல் உடம்புக்குள் சாயம் புகுந்து கழுத்து ஒட்டு வழியாகக் கசிகிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒட்டுகளையெல்லாம் பல்செட்டுக்குப் பயன்படும் மெழுகால் அடைத்தார். மறுநாளும் இருந்தது.

கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதுதானே? என்னவென்று சொல்வது? "உங்களைப் பொம்மையில பாத்தேன், கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றா? நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் பேக்கரிக்காரர் தானாகவே வந்து, "ரொட்டி தின்னா மேல என்னமோ உரசுது டாக்டர்" என்று வாயைத் திறந்தார். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார்களாம். நான்கு நாளில் ஒன்றும் முழுகிவிடாது என்று டாக்டருக்குத் தெரியும். ஆனாலும் துடைத்த கை சோற்றில் படும்போதெல்லாம் உறுத்தியது.

அதன் பிறகு அவர் எதையும் துடைக்கவில்லை. முக்கினார், தொங்கவிட்டார், கழுத்தைச் சாய்க்காமல் நேராக நின்று படித்தார். முகத்தை அடையாளம் கண்டதும் முன்மேசைக்கு வந்து, "அவரைக் கூப்பிடு, சும்மா ஒரு தடவை பாக்கணும்" என்பார். இன்னும் பதினொன்றில் இரண்டில்தான் கறை இருந்தது. இரண்டும் சின்னச் சங்கதி, சரியாகிவிட்டது. மற்ற ஒன்பதும் சுத்தம். மனைவி எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவள் சுபாவம் இல்லை என்பதால் டாக்டருக்கு அதுவே பயமாக இருந்தது.

பிறகு பதினைந்தாவது.

அதன் அங்கிக்கு நீலம் பூசும்போதே கை தவறி, ஒரு பொட்டு உதட்டோரத்தில் பட்டுவிட்டது. களைப்பில் அப்படியே விட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை மதியம் முக்கித் தொங்கவிட்டார். சாயம் வழிந்தது, சொட்டியது, நின்றது. நாக்கின் இடது ஓரத்தில் ஒரு துவரம்பருப்பு அளவுக்குத் திரண்டது. இதுவரை பார்த்த எந்தக் கறையும் அவ்வளவு கருப்பாக இல்லை.

முகத்தைப் பார்த்தார். தெரியவில்லை.

தெரியாத முகமும் இல்லை. நன்றாகப் பழகிய முகம், தினமும் பார்க்கிற முகம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் யார்? ஒவ்வொரு நோயாளியாக நினைவில் படுக்கவைத்துப் பார்த்தார். எவரும் பொருந்தவில்லை. தினமும் பார்க்கிற முகம் என்றால் யாருடைய முகம்? மனைவிக்குப் பல் பார்த்துப் பத்து வருஷம் ஆகிறது. அவள் முகம் தலைகீழாக எப்படி இருக்கும் என்று அவருக்கு நினைவே இல்லை.

மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் ஆறவைத்து, வலது பக்கமாகவே ஒதுக்கி ஒதுக்கிக் குடித்தார். இடது கடைவாய்ப் பல் ஒன்று கூராகி நாக்கில் உரசிக்கொண்டிருந்தது. காரமோ சூடோ பட்டால் எரியும். தேய்த்துவிட்டால் சரியாகிவிடும், நேரந்தான் கிடைக்கவில்லை.

"நாற்காலில வந்து படு" என்றார்.

"எனக்கென்ன? நல்லாத்தானே இருக்கேன்."

"படுன்னா படேன்!"

அவர் குரல் உடைந்ததைக் கேட்டு, பேசாமல் வந்து படுத்தாள். டாக்டர் விளக்கை இழுத்தார். நாக்கைத் துணியால் பிடித்து இடப்பக்கம், வலப்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் பார்த்தார். விரலால் தடவினார். கழுத்தைத் தடவினார். ரோஜா இதழ் போலிருந்தது நாக்கு. முகமும் அந்த முகம் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு முக்காலியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

"ரெண்டு சொத்தை இருக்கு. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

"ரெண்டு சொத்தைக்கா அழறீங்க?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். தபால்காரரிலிருந்து பேக்கரிக்காரர் வரை, துடைத்த பஞ்சு வரை. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. வார வாரம் யாரை அழைத்தாள், அவர்களுக்கு என்ன இருந்தது என்று அட்டைகள் அவளிடம்தானே இருந்தன.

"அப்போ இது யாரு?"

"அதான் தெரியல."

"தம்பிய வரச் சொல்றேன்" என்று எழுந்தாள்.

புதன்கிழமை மைத்துனன் எண்ணெய்க் கறைச் சட்டையோடு வந்து படுத்தான். "அத்தான், தோத்துப்போறவன் பல்லைப் பிடுங்கறதுன்னு புது விதி ஏதாவது போட்டுட்டீங்களா?" என்றான். வாய் சுத்தம். முகமும் வேறு. அவனுக்குக் காரணம் சொல்லாமல் அனுப்பிவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ராட்சதர்கள் தயாராகிவிடுவார்களா என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனான்.

வியாழக்கிழமைக்குள் இரண்டு பேரும் சேர்ந்து பதினாறு வருஷத்து அட்டைகளையும் புரட்டிவிட்டார்கள். அவள் பெயரைப் படித்து, ஆளின் நேர்முகத்தைச் சொல்வாள். அவர் கண்ணை மூடி அதைக் கவிழ்த்துப் பார்த்து, "இல்லை" என்பார். பின்னறையில் ராட்சதன் முக்கி இரண்டு நாள் ஆகிவிட்டது. உடம்பு முழுக்க இறுகி மினுங்கியது. நாக்கிலிருந்த பருப்பு மட்டும் காயவில்லை. இறுகிய வார்னிஷுக்கு நடுவே ஈரமாக, விழப்போகிற சொட்டு மாதிரி முழித்துக்கொண்டு நின்றது. டாக்டர் அதைத் தொடவில்லை.

"எங்கயோ ஒருத்தர் இதோட சுத்திக்கிட்டு இருக்கார். எனக்கு அவரைத் தெரியும். ஆனா ஞாபகம் வர மாட்டேங்குது" என்றார். "இன்னொரு பேக்கரிக்காரர் ஆயிடக் கூடாதும்மா."

"கொஞ்ச நேரம் கண்ணை மூடுங்க. நான் போய் அதை ஒரு தடவை பாத்துட்டு வரேன்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் எல்லாரையும் நேரா பாக்கறவளாச்சே."

அவள் பின்னறைக்குப் போனாள். டாக்டருக்கு இரண்டு ராத்தூக்கம் பாக்கி. பக்கத்திலிருந்தது நோயாளி நாற்காலி. பதினாறு வருஷத்தில் முதல் முறையாக அதில் ஏறிப் படுத்தார். படுத்ததும் கூரை கண்ணில் பட்டது. பழுப்பேறிய தாளில், அவருடைய கையெழுத்திலேயே, பெரிய எழுத்தில் இருந்தது: வாயில் மூன்று வாரமாக ஆறாத புண் இருக்கிறதா? தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நல்ல அறிவிப்புத்தான் என்று நினைத்தார். நாக்கு பழக்கத்தில் இடது கடைவாய்க்குப் போய், கூரான பல்லைத் தொட்டு, சுரீரென்று திரும்பியது. எத்தனை வாரம் ஆகிறது? மைத்துனன் ராட்சதர்களைக் கொண்டுவருவதற்கும் முன்னால். இரண்டு மாதம். இரண்டரை.

காலடி சத்தம் தலைமாட்டில் வந்து நின்றது.

"இதென்ன, நீங்க படுத்துட்டீங்க?" மனைவி குனிந்து பார்த்துச் சிரித்தாள். "உங்களை இந்தப் பக்கத்துலேர்ந்து பாத்ததே இல்லைங்க. யாரோ மாதிரி இருக்கு உங்க..."

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் மேல்நோக்கிப் பார்த்தார். அவளுடைய முகம் அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அவள் கண்கள் அவருடைய நெற்றி, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாக நகர்ந்ததையும், உதட்டோரத்தில் வந்து நின்றுவிட்டதையும் பார்த்தார்.

அவள் பின்னறைக்கு ஓடினாள். குறட்டில் கவ்விய ராட்சதனோடு திரும்பி வந்து, அதை அவருடைய கன்னத்துக்குப் பக்கத்தில் தலைகீழாகப் பிடித்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீலம்கூட அதே எடத்துல" என்றாள்.

டாக்டர் எல்லாருடைய முகத்தையும் தலைகீழாகப் பார்த்திருந்தார். ஒரு முகத்தைத் தவிர. அதைக் கண்ணாடியில் தினமும் நேராகத்தான் பார்த்திருந்தார், சவரம் செய்ய.

ராட்சதனின் நாக்கிலிருந்த பருப்பு நீண்டது, இழுபட்டது, அவருடைய வெள்ளை அங்கியில் ஒரு சொட்டாக விழுந்தது. அது இருந்த இடம் சுத்தமாக, பூசிய சிவப்பு மாறாமல் இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்ட வாய் போல.

மனைவி ராட்சதனைத் தட்டில் வைத்தாள். அவருடைய முக்காலியை இழுத்துப் போட்டு, அவருடைய இடத்தில் உட்கார்ந்தாள். விளக்கை இழுத்து எரியவிட்டாள். தினமும் முப்பது பேரிடம் அவர் சொல்வது அவளுக்குப் பாடம்தான். குரலை அவரைப் போலவே சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"ஒண்ணும் பயப்பட வேண்டாம். வாயத் திறங்க."

டாக்டர் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். சின்னக் குழந்தைகள் அப்படித்தான் செய்வார்கள், அவர் பொறுமையாகக் காத்திருப்பார். அவளும் காத்திருந்தாள். அவளுடைய கண்ணீர் ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. கூரையில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே டாக்டர் வாயைத் திறந்தார்.